குறையாத குவளை

ஒரு லிட்டர் பிடிக்கும் குவளை. முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக அதில் வாய் வைக்கிறார்கள். சுற்று முடிந்து என் கைக்கு வரும்போது முக்கால் குவளை அப்படியே இருக்கிறது. இது எப்படி? இந்த வருடம் ஜனவரி முதல் ஞாயிறன்று இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் அதே நினைப்பாக இருந்தேன்.

உங்கள் உதவியாளர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்றார். அவர் எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கிறது. தாளைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. ஒன்று எப்படி இயங்குகிறது என்று பிறருக்கு விளக்குவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். சைக்கிள் பழுதுபார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று என் மனைவி சாயி சொல்வாள். மீதிப் பேர் அதனாலேயே பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்றும் சொல்வாள்.

ஐயா, நீங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர், மசூதிக்குப் போகிறவர். ஆகவே எங்கள் திருவிருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு போதகர் மோட்டார் சைக்கிளில் வருவார். அவருக்கு ஐந்து சபைகள். மற்ற நாட்களில் சபையைப் பார்த்துக்கொள்வது மூத்த மூப்பராகிய நான், யாக்கோபோ லுபின்ஸா. திருவிருந்துக்கு எங்களுக்குத் திராட்சை ரசம் ஏது? சிவப்புப் புளிச்சைப் பூவைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை போட்ட சாறுதான். இரண்டு கைப்பிடி வைத்த எனாமல் குவளை ஒன்று. எல்லோருக்கும் அதே குவளை. நான்கு நீள பெஞ்சுகள். ஒரு பெஞ்சில் கைமாறிக் கைமாறிக் கடைசிக்கு வந்ததும் நான் வாங்கி அடுத்த பெஞ்சில் கொடுப்பேன். இப்படிப் பாம்பு போல வளைந்து வந்து, முப்பத்தொன்பதாவதாக என்னிடம் முடியும்.

காலியாகாத குவளையைக் கீழே வைக்கக்கூடாது. மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றவும் கூடாது. மிச்சம் எவ்வளவோ அது மூத்த மூப்பருக்கு உரியது. இது எங்கள் சபையைத் தொடங்கியவர்கள் வைத்த ஏற்பாடு. தலைவன் என்பவன் முதலில் உட்காருகிறவன் அல்ல, எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை எடுத்துக்கொள்கிறவன் என்பது அதன் பொருள். நல்ல ஏற்பாடு. ஒரு லிட்டர் ஊற்றினால் முப்பத்தெட்டு வாய்க்குப் போக எனக்குச் சரியாக ஒரு வாய் மிஞ்சும். பதினோரு வருடம் அப்படித்தான் மிஞ்சியது. ஜனவரியில் முக்கால் லிட்டர் மிஞ்சியது. ஏற்பாட்டின்படி அதை நான் கவனித்துக்கொண்டேன்.

சைக்கிள் டியூபில் காற்று இறங்கினால் முழு டியூபையும் ஒரேயடியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வருவோம். குமிழி வருகிற இடம் ஓட்டை. அதே முறையைத்தான் இதிலும் கையாண்டேன். குவளையின் உட்புறத்தில் ஸ்போக் கம்பியின் முனையால் நான்கு கோடுகள் கீறிவைத்தேன், பெஞ்சுக்கு ஒன்று. பிப்ரவரியில் ஒவ்வொரு பெஞ்சு முடிந்ததும் குவளையை வாங்கும்போது உள்ளே ஒரு பார்வை பார்த்தேன். முதல் பெஞ்சு முடிவில் சாறு முதல் கோட்டில் நின்றது. சரி. இரண்டாம் பெஞ்சு முடிவில் மட்டம் துளி இறங்கியிருந்தது, அவ்வளவே. மூன்றில் ஒன்றுமில்லை. நான்கில் ஒன்றுமில்லை. எல்லோரும் குவளையைத் தூக்கினார்கள், சாய்த்தார்கள், மீசையைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் யார் தொண்டையும் ஏறி இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

இரண்டாம் பெஞ்சில் மூன்றாவது இடம் மிலெம்பே அம்மாவுடையது.

மிலெம்பே அம்மா எழுபது வயது கடந்த விதவை. சபையின் சுவர் எழும்பியபோது குன்றிலிருந்து தலையில் கல் சுமந்து வந்தவர். ஞாயிறுதோறும் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவருடைய கண்கள் சிவப்பு. எங்கள் பக்கத்தில் விறகு ஏது? மாட்டுச் சாணம் எரித்துத்தான் சமையல். ஜன்னலில்லாத குடிசைக்குள் ஐம்பது வருடம் அந்தப் புகையில் உட்கார்ந்து உகாலிக் களி கிண்டினால் யார் கண்ணும் சிவக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஐயா. சிவந்த கண்ணைப் பார்த்துச் சூனியக்காரி என்று சொல்வது அறிவீனம் என்று நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் சொல்கிறார்கள். போன மழைக்காலத்தில் குன்றுக்கு அப்பால் இரண்டு கிழவிகளை வெட்டிப் போட்டார்கள். அந்தக் கோப்பு உங்கள் காவல் நிலைய அலமாரியில் இருக்கும். ஆகவே குவளை நிற்கும் இடம் தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிலெம்பே அம்மாவின் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று புரிந்தது. அந்த உயிர் என் பொறுப்பில் இருந்தது.

இன்னொரு பொறுப்பும் இருந்தது. ஷிஜா என்று ஒருவன், அவன் மனைவி கபுலா. போன வருடம் ஆகஸ்டில்தான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். இரண்டாம் பெஞ்சில் மிலெம்பே அம்மாவுக்கு அடுத்தபடியாக உட்காருவார்கள். டிசம்பரில் அவர்களுடைய இரண்டு கன்றுகள் செத்தன. கபுலாவின் வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. புது விசுவாசம் என்பது புதிதாக ஒட்டிய பஞ்சர் மாதிரி. பசை காயுமுன் காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். பலமுள்ளவன் தனக்கு உரியதைக்கூட விட்டுக்கொடுத்துப் பலவீனனைத் தாங்க வேண்டும் என்று போதகர் அந்த மாதம்தான் பிரசங்கித்தார். எனக்கு அது ஒரு இயந்திரத்தின் படம் போல அத்தனை தெளிவாக இருந்தது. பாரம் எங்கே இருக்கிறது, எந்த அச்சு அதைத் தாங்கும் என்று பார்த்தால் போதும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மிலெம்பே அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கீற்றுப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா யாக்கோபோ. செயின் கத்துறப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் எண்ணெ விடுற, உன் செயினுக்கு விட்டா குறைஞ்சா போயிடுவே?"

"விடணும்மா. ஒரு விஷயம் பேச வந்தேன்."

"குவளை விஷயமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடா முழிக்கிற? எனக்கு கண்ணு சிவப்பே தவிர குருடு இல்ல. பக்கத்துல உக்காந்து ஷிஜா வாயை இறுக்கி மூடிக்கிறது தெரியாதா? பச்சப்புள்ளைக்கு மருந்து குடுத்தா இப்படித்தான் பண்ணும்."

"பலமுள்ளவங்க பலவீனமானவங்களுக்காக விட்டுக்குடுக்கணும்னு போதகர் சொன்னாரே அம்மா."

"சொன்னாரு. யாரு பலசாலின்னு சொல்லலையே."

"நீங்கதான்."

வயிறு குலுங்கச் சிரித்தார். "முட்டி தேஞ்ச கெழவி பலசாலி. மாட்டைக் கொம்பைப் புடிச்சுத் தள்ளுற ஷிஜா நோஞ்சான். நல்லாருக்குடா உன் கணக்கு. சரி, என்ன விட்டுக்குடுக்கணும், சொல்லு."

கடைசி பெஞ்சின் கடைசி இடம் என்றேன். குவளை எல்லோரிடமும் போய்விட்டு அவரிடம் வரும், அவருக்குப் பிறகு நான் மட்டும்தான். முப்பது வருடம் உட்கார்ந்த இடத்தை அவர் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்தார். "அங்கதான் காத்தும் வரும்" என்றார். போகும்போது ஒரு கை கிழங்குக் கீற்றைத் துணியில் முடிந்து சாயிக்குக் கொடுக்கச் சொன்னார்.

மார்ச் மாதம் குவளை அழகாக இறங்கியது, கோடு கோடாக. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மணியடித்துக்கொண்டே போனேன். ஏப்ரலில் மறுபடியும் முழுக் குவளை. இந்த முறை முதல் பெஞ்சிலேயே இறங்கவில்லை. எங்கே தவறு என்று யோசித்தேன். யோசித்தால் எளிது. போன மாதம் கடைசியாக அவர் வாய் வைத்த அதே குவளைதானே இந்த மாதம் முதல் ஆளிடம் வருகிறது? வட்டத்துக்குக் கடைசி என்று ஓர் இடம் கிடையாது. சங்கிலியைத் தினம் கையாளுகிற எனக்கு இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும்.

மே மாதம் எல்லோர் கண்முன்னும் குவளையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். எனாமல் ஓரிடத்தில் பெயர்ந்ததுதான் மிச்சம். பிறகு மிலெம்பே அம்மாவிடம் குடிக்காமல் தொட்டுவிட்டு மட்டும் கொடுக்கச் சொன்னேன். சரி என்றார். தொடுவதும் வேண்டாம், கும்பிட்டால் போதும் என்றேன். அதற்கும் சரி என்றார். பாட்டு எடுத்துக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னேன், ஏனென்றால் அவர் குரல் காதில் விழுந்தாலே கபுலாவுக்கு அடிவயிறு பிசைகிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மனசுக்குள்ள பாடிக்கலாமா? அது யாருக்கும் கேக்காதே" என்றார். பாடிக்கொள்ளலாம் என்று அனுமதித்தேன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் மனம் கோணியதே இல்லை என்பதை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். எங்கள் சபையில் அவரைப் போல விசுவாசம் உள்ளவர் வேறு யாரும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்க முடிந்தது.

ஜூனில் அவருடைய வீட்டை மாற்றினோம். நான்கு வீடுகளுக்கு நடுவே இருந்தவரைக் குன்றடிவாரத்தில், பாறைகளுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினேன். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் யார் மனமும் கெடாது, அவர் உயிருக்கும் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

"இங்க கூப்பிட்டா நாலு வீட்டுக்குக் கேக்கும். அங்க கத்துனா பாறைக்குத்தாண்டா கேக்கும்" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால் கதவு நிலையில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்திக் கொடுத்தேன். மண் கல் அறுத்து நானே வீடு கட்டினேன். பதினெட்டு நாள் கடையைப் பூட்டி வைத்தேன். அந்த வீட்டில் ஒரு புகைபோக்கி வைத்தேன், ஐயா. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். சூடான காற்று லேசானது, அது மேலே ஏறும். ஏறும்போது பின்னாலிருந்து குளிர்ந்த காற்றை அடுப்புக்குள் இழுக்கும். அதனால் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தரையோடு ஒரு துளை வேண்டும். பலரும் அந்தத் துளையை விட்டுவிடுகிறார்கள், பிறகு புகைபோக்கியைத் திட்டுகிறார்கள். நான் விடவில்லை. ஒரு இழை புகைகூட உள்ளே நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் மிலெம்பே அம்மாவின் கண்கள் குழந்தைக் கண் போல வெளுத்துவிட்டன.

"பாத்தியா? கண்ணையே மாத்திக்கிட்டா" என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அவர் சபைக்கு வருவதை நிறுத்தியிருந்ததால், மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் திருவிருந்தை அவர் வீட்டுக்கே எடுத்துப் போவேன், போதகரின் அனுமதியோடு. வேறொரு சிறிய குவளை. அவர் குடித்துவிட்டு, வழக்கப்படி எனக்கென்று ஒரு வாய் மிச்சம் வைத்துக் கொடுப்பார். நான் அதை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். ஆனாலும் ஞாயிறன்று பெரிய குவளை நிறைந்தே வந்தது. அவர் சபையில் இல்லை, குவளையைத் தொடவில்லை, பாடவில்லை. இருந்தும் குவளை குறையவில்லை. ஜூலையிலும் அப்படி, ஆகஸ்டிலும் அப்படி. ஓட்டையை அடைத்த பிறகும் காற்று இறங்குகிற டியூபைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் ஷிஜா கடைக்கு வந்தான். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூப்பரையா, எங்க அண்ணன் ஒரு பேச்சு பேசுறான்."

"என்ன பேச்சு?"

"ஏரிக்கரைப் பக்கம் ஆளுங்க இருக்காங்களாம். ரெண்டு மாடு குடுத்தா வேலையை முடிச்சுட்டுப் போயிடுவாங்களாம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல ஐயா. வேணாம்னுதான் தோணுது. ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரல."

அவன் ஒரு வருட விசுவாசி. இந்தப் பாவத்தை இவன் செய்தால் இவன் ஆத்துமா போயிற்று என்று நினைத்தேன். "அந்தப் பாரத்தை எங்கிட்ட விட்டுடு. நீ சுமக்காதே. நான் சுமக்கிறேன்" என்றேன். அழுதுகொண்டே போனான். தலைவன் என்றால் அதுதானே, ஐயா? மந்தையில் நோஞ்சான் ஆட்டைத் தோளில் போட்டுக்கொள்கிறவன்.

நேர்மையாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆகவே அடுத்து நடந்ததையும் எழுத வேண்டும். ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை, ஷிஜா மறுபடியும் வந்தான். இந்த முறை கபுலா முன்னால் வந்தாள், அவன் பின்னால்.

"அண்ணனை விரட்டி விட்டுட்டோம் ஐயா" என்றாள் கபுலா. "இனி எங்க வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். நான் நேத்து அந்த அம்மாவைப் போய்ப் பாத்தேன்."

"எந்த அம்மா?"

"எத்தனை அம்மாவைக் குன்றுக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க? போனா, கிழங்கு அவிச்சுக் குடுக்கிறாங்க. உன் வயித்துல தங்காதது எனக்கும் மூணு தடவை தங்கல மகளேன்னு என் தலையைத் தடவுறாங்க. நான் உக்காந்து அழுதுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை அவங்க சபைக்கு வரணும். ரெண்டாம் பெஞ்சுல, அவங்க இடத்துல. அவங்க குடிச்ச பிறகு நான் குடிப்பேன். இவரும் குடிப்பாரு."

ஷிஜா தலையை ஆட்டினான்.

"மத்தவங்க மனசையும் பாக்கணுமே கபுலா" என்றேன். "முப்பது பேருக்கு மேல இருக்காங்க."

"தொண்ணூத்தொன்பதை விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் போன மேய்ப்பன் கதையை ஞானஸ்நான வகுப்புல எங்களுக்குச் சொன்னது யாரு? நீங்கதானே?"

சொன்னது நான்தான். ஆனால் அவன் திரும்பி வந்தபோது அந்தத் தொண்ணூற்றொன்பதும் என்ன நிலையில் இருந்தன என்று அந்தக் கதையில் இல்லை. எனக்கு எப்போதும் அது ஒரு குறையாகவே பட்டிருக்கிறது. இதை அவளிடம் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு ஐயா. நீங்க எங்க முன்னாடி குடிக்கணும்."

"நான் எப்பவும் கடைசியில..."

"குடிக்கிறதில்ல ஐயா. போன நவம்பர்ல பாத்தேன். சபைக்குப் பின்னால கள்ளி வேலியோரமா நின்னு குவளையைக் கவிழ்த்தீங்க. டிசம்பர்லயும் பாத்தேன். மண்ணே சிவப்பாக் கெடந்துச்சு. மூப்பரே கொட்டுறாருன்னா அதுல ஏதோ இருக்குன்னுதானே நாங்க வாயை மூடிக்கிட்டோம்? நான்தான் இவர்கிட்ட சொன்னேன். இவரு அண்ணன்கிட்ட சொன்னாரு. அப்புறம் பெஞ்சு பெஞ்சா போயிடுச்சு."

இதற்கு விளக்கம் உண்டு. போன வருடம் அக்டோபரில் மிலெம்பே அம்மா சாயிக்குப் பூசணிக் கீரை கொடுத்தார். ஒரு வாரத்தில் சாயியின் கால் வீங்கியது. கீரைக்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. சும்மா ஒரு முன்னெச்சரிக்கை. சபையைத் தாங்குகிறவன் விழுந்துவிட்டால் சபை என்னாகும்? ஆகவே நவம்பரிலிருந்து என் பங்கை வேலியோரம் ஊற்றிவந்தேன், ஜனவரியில் முக்கால் லிட்டரையும் அங்கேதான் ஊற்றினேன். அவர் கொடுத்தனுப்பிய கிழங்குக் கீற்று, அவர் வீட்டில் தந்த அந்த ஒரு வாய், எல்லாம் வழியோரப் புதருக்குப் போய்விட்டது. இதை யாருக்கும் இடறலாக இராதபடி மறைவாகத்தான் செய்தேன். கபுலா அங்கே எதற்கு வந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை குடிங்க ஐயா, போதும். எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இதைப் பற்றி யோசித்தேன். ஆத்திரப்பட்டுச் செய்த காரியம் இல்லை. கபுலாவின் தைரியம் ஒரே நாளில் வந்தது. ஒரே நாளில் வந்தது ஒரே நாளில் போகவும் கூடும். அடுத்த கன்று செத்தால் என்ன ஆகும்? அண்ணன் திரும்பி வந்தால்? மிலெம்பே அம்மா இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் பெஞ்சு மட்டும் குடிக்கும், மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். எல்லாரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷிஜாவின் பாரத்தை நான் சுமப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் அதை இறக்கி வைத்துவிட்டான் என்பதால் என் வாக்கு இல்லாமல் போய்விடாது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சிறிய குவளையோடு போனேன். மிலெம்பே அம்மா பூப்போட்ட துணியைத் துவைத்துப் பாறைமேல் காயப் போட்டிருந்தார், மறுநாளைக்கு.

"கபுலா வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கா. நாளைக்கே வரப்போறேன், இன்னிக்கு எதுக்குடா சாறு தூக்கிட்டு இம்புட்டு தூரம் வந்தே?"

"மாசா மாசம் வர்றதுதானேம்மா."

"அதுவும் சரி. உக்காரு. பாட்டு எடுக்கலாமா நாளைக்கு? தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு."

எடுக்கலாம் என்றேன். ஜெபம் செய்தேன், வழக்கமான நீளத்துக்கு. சாற்றில் பருத்திப் பூச்சிக்கு அடிக்கும் மருந்து கலந்திருந்தது. என் சொந்தப் பருத்திக்கு வாங்கியதில் மிஞ்சியது. கலந்தது நான். இஞ்சி தட்டிப் போட்டிருந்ததால் வாடை அவ்வளவாகத் தெரியவில்லை. குவளையை அவர் இரண்டு கையாலும் வாங்கி முக்கால்வாசி குடித்தார். முகம் சுளித்தார். "சர்க்கரை போட மறந்துட்டியா?" என்றார். பிறகு வழக்கப்படி மீதியை என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வெளுத்த கண்கள். புகைபோக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் பயமாடா உனக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை. "வேலியோரமா ஊத்துறது எனக்கும் தெரியும். கபுலா சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். போகட்டும், நீ குடிக்க வேணாம். உனக்காகவும் சேத்து நானே குடிச்சுடறேன். உனக்கு எப்போ தெம்பு வருதோ அப்போ குடி."

மீதியையும் அவரே குடித்து, குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

முடிய அரை மணி நேரம் ஆனது. நான் எழுந்து போகவில்லை, கூடவே இருந்தேன். கஷ்டப்படுகிற விசுவாசியைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. நிலையில் இருந்த மணிக்கு அவருடைய கை எட்டவில்லை, அதைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிறு காலை அவரை அழைத்துவரப் போன கபுலாதான் முதலில் பார்த்தாள். அவளும் ஷிஜாவும் சபைப் பக்கமே வராமல் நேராக உங்கள் நிலையத்துக்கு நடந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். இனி எந்தச் சபைக்கும் வரப்போவதில்லை என்று கபுலா சொன்னதாக உங்கள் உதவியாளர் சொன்னார். அது வருத்தம்தான். அவர்களுக்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

அன்று காலையே குன்றடிவாரத்துச் சேதி சபைக்கு வந்துவிட்டது. போதகர் துக்கத்தோடு ஜெபித்துவிட்டுத் திருவிருந்தைத் தொடங்கினார். முப்பத்தைந்து பேர். நான் பெஞ்சு முடிவில் நின்று குவளையை வாங்கி வாங்கிக் கொடுத்தேன். முதல் கோடு, இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு. ஒவ்வொரு தொண்டையும் ஏறி இறங்கியது. சிலர் இரண்டு வாய் குடித்தார்கள். சுற்று முடிந்து என் கைக்கு வந்தபோது குவளை காலி, ஒரு சொட்டுக்கூட இல்லை.

நான் குடிக்க வேண்டியிருக்கவில்லை.